சுண்ணாம்புக் கம்பம் எங்கே? பழைய சிராங்கூன் பற்றி வாசகர் கேள்விகள்

சிங்கப்பூரில் நாம் தேக்கா என்று அழைக்கும் லிட்டில் இந்தியாவின் பழைய தெருக்களையும் அங்கே நடந்த கைத்தொழில்களையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இம்மாதம் பதில் சொல்கிறோம்.

என் தாத்தா தேக்கா பக்கம் போகும்போதெல்லாம் ‘சுண்ணாம்புக் கம்பத்துக்குப் போயிட்டு வர்றேன்’ என்பார். வரைபடத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. அது எங்கே இருந்தது?
(வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

தாத்தா சொன்னது சிராங்கூன் சாலையைத்தான். மலாய்க் ‘கம்போங்’ நம் நாக்கில் ‘கம்பம்’ ஆயிற்று. சுண்ணாம்பு சுட்ட இடம், ஆகவே சுண்ணாம்புக் கம்பம். வீரமாகாளியம்மன் கோயிலையே அந்தக் காலத்தில் ‘சுண்ணாம்புக் கம்பம் கோயில்’ என்று அழைத்தார்கள். மலாய்க்காரர்கள் அதே பொருளில் ‘கம்போங் காப்போர்’ என்றார்கள். காப்போர் என்றால் சுண்ணாம்பு. தமிழ்ப் பெயர் வாய்வழக்கோடு நின்றுவிட்டது, மலாய்ப் பெயர் பெயர்ப்பலகையில் ஏறிவிட்டது. வரைபடத்தில் கம்போங் காப்போர் ரோட்டைத் தேடுங்கள். தாத்தாவின் கம்பம் அங்கே ஒளிந்திருக்கிறது.

சூளை ஏன் அங்கே வந்தது? ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்வான, சதுப்பு நிலம் அது. செங்கல்லுக்குக் களிமண் காலடியிலேயே கிடைத்தது. பவளக்கல், சிப்பி, விறகு எல்லாவற்றையும் படகில் கொண்டுவந்து இறக்கலாம். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு மாவாக்கவும் (அதுதான் நீற்றுவது) குழைக்கவும் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஊரைவிட்டுத் தள்ளி இருந்ததால் புகையும் யாரையும் உறுத்தவில்லை. 1820களிலேயே இங்கே செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் குழிகளும் இருந்தன. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளும் பிற்பாடு இந்தப் பக்கம் செங்கல் அறுத்தார்கள்.

சிப்பியையும் பவளக்கல்லையும் விறகோடு அடுக்கி ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறும். 100 கிலோ சுத்தமான சிப்பி போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். அதில் தண்ணீர் பட்டதும் சீறிக் கொதித்து மாவாக உதிரும். கணக்குப்படி அந்த 56 கிலோவுக்கு 18 லிட்டர் நீர் போதும். ஆனால் கொதியில் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால் அதைவிட நிறையவே ஊற்ற வேண்டியிருக்கும். சூடு போதாவிட்டால் கல்லின் நடுப்பகுதி வேகாமல் நிற்கும். சூடு மிஞ்சினால் சுண்ணாம்பு இறுகிப்போய் லேசில் நீறாது. அப்படி நீறாத கட்டி ஒன்று சாந்தோடு சுவரில் ஏறிவிட்டால், மாதங்கள் கழித்து ஈரம் குடித்து உப்பி, பூச்சைக் காசளவு வட்டமாகத் தெறிக்க வைக்கும். சுண்ணாம்பைச் சலித்து வாரக்கணக்கில் ஊறப்போட்டது இதற்காகத்தான்.

அந்தச் சாந்தின் உச்சத்தைப் பார்க்க விரும்பினால் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போங்கள். 1856இல் தொடங்கிய அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். உட்சுவர்ப் பூச்சு மெட்ராஸ் முறை: மணல் சேராத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம் மூன்றையும் பசையாக இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்தார்கள். பூசி இறுகிய பிறகு வழவழப்பான கல்லால் பளபளப்பு வரும்வரை தேய்த்தார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும்.

தமிழர்கள் முதலில் குடியேறியது தேக்காவில்தானே?
(வாசகர், ஈசூன்)

இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1819இல் ராஃபிள்ஸுடன் ‘இண்டியானா’ கப்பலில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். துணி வியாபாரத்துக்குக் கடை வைத்தது கிராஸ் ஸ்திரீட்டில். 1822 நகரத் திட்டம் இந்தியர்களுக்கு ஒதுக்கிய ‘சூலியா கம்பம்’ சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்தது. மாரியம்மன் கோயில் 1827இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் எழுந்தது. அதற்கு முதலில் தெலுக் ஆயர் பக்கம் நிலம் கொடுத்தார்கள். பூசைக்கு நல்ல தண்ணீர் அங்கே இல்லாததால் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. கோயிலானாலும் சூளையானாலும் மாட்டுக்கொட்டிலானாலும், இந்த ஊரில் தமிழர் இருந்த இடங்களைத் தண்ணீர்தான் தீர்மானித்தது.

அந்தத் தெருக்களுக்கு நம்மவர் வைத்த பெயர்களைக் கேளுங்கள். கிராஸ் ஸ்திரீட் ‘பால்கடைச் சடக்கு’. மார்க்கெட் ஸ்திரீட் ‘செட்டித் தெரு’. அராப் ஸ்திரீட் ‘பூக்கடைச் சடக்கு’. ஆங்கிலப் பெயரைப் படித்தால் அங்கே என்ன விற்றது என்று தெரியாது. தமிழ்ப் பெயரைச் சொன்னாலே கடை கண்முன் வந்துவிடும். மசூதிக்கும் அப்படித்தான். தெலுக் ஆயரில் உள்ள அல் அப்ரார், குடிசையாகத் தொடங்கியதால் ‘குச்சுப் பள்ளி’.

செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய செட்டித் தெருவின் கிட்டங்கி, வங்கி போன்றதல்ல. நீளமான ஒரே கூடம். ஒவ்வொரு செட்டியாருக்கும் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம், தாழ்ந்த மேசைப்பெட்டி ஒன்று, பின்னால் ஓர் இரும்புப் பெட்டி அல்லது அலமாரி. அந்தச் சில சதுர அடிக்குள் கடன், வட்டி, அடமானம் எல்லாம் நடந்தன. நகர மறுசீரமைப்பில் அந்தக் கட்டடங்கள் போய்விட்டன. பக்கத்தில் உள்ள சூலியா ஸ்திரீட், 1921 வரை ‘கிளிங் ஸ்திரீட்’ என்று நம்மை இழிவாகக் குறித்த பெயரைச் சுமந்தது. அதை மாற்றப் போராடியவர்களை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

‘சடக்கு’ என்றால் என்ன?
(மாணவி, செங்காங்)

சாலை. இந்துஸ்தானி ‘சடக்’ சொல்லிலிருந்து வந்து, சிங்கப்பூர், மலாயாத் தமிழில் நன்றாக ஊன்றிய சொல். வயதானவர்கள் பேச்சில் இன்னும் கேட்கலாம். தவறான தமிழ் என்று திருத்திவிடாதீர்கள்.

தேக்கா என்ற பெயர் தேக்கு மரத்திலிருந்து வந்ததா?
(வாசகர், பிடோக்)

தேக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஹொக்கியன் மொழியில் ‘தெக் கா’ என்றால் மூங்கிலடி. ரோச்சோர்க் கால்வாய்க் கரையில் மூங்கில் புதர்கள் மண்டியிருந்தன. பழைய சந்தை 1915இல் கட்டப்பட்டது. 1982இல் எதிர்ப்பக்கம் இன்றைய கட்டடத்துக்கு மாறியபோது அதற்கு மாண்டரின் உச்சரிப்பில் ‘சூஜியாவ் சென்டர்’ என்று பெயர் வைத்தார்கள். மக்கள் வாயில் அது ஒட்டவில்லை. 2000இல் பலகையும் தேக்கா சென்டர் ஆயிற்று.

கேகே மருத்துவமனையின் பெயரில் எருமை இருக்கிறது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
(வாசகர், தோ பாயோ)

உண்மைதான். கேகே என்பது ‘கண்டாங் கெர்பாவ்’. கண்டாங் என்றால் கொட்டில், கெர்பாவ் என்றால் எருமை. 1966இல் 39,835 குழந்தைகள் பிறந்து உலகச் சாதனை படைத்த மருத்துவமனையின் பெயர் எருமைக் கொட்டில்! பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு இரண்டும் அதே எருமையைச் சொல்கின்றன. பெலிலியோஸ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்த பெரிய மாட்டு வியாபாரியின் பெயர்.

மாடு இங்கே சேர்ந்ததற்கும் தண்ணீரும் புல்லும்தான் காரணம். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு. வெயில் ஏறினால் சேற்றிலோ தண்ணீரிலோ கிடந்தால்தான் உடம்பு தணியும், இல்லாவிட்டால் பால் வற்றும். சதுப்பு நிலம் அதற்கு வாகாக இருந்தது. ஒரு தொழில் வந்தால் அதைச் சுற்றி நாலு தொழில் வரும்: பால், தோல், இறைச்சி, வண்டி. கோதுமை அரைப்பதற்கும் மாடுதான் இழுத்தது. அன்னாசி பதப்படுத்தும் ஆலைகளும் இந்தப் பக்கம் இருந்தன. சிராங்கூன் சாலை நம்மவர் பேட்டையாக மாறியதில் மாட்டு வியாபாரத்துக்குத்தான் பெரும் பங்கு என்பது எங்கள் எண்ணம். கோயில்கள் ஆளைச் சேர்த்தன என்பது உண்மை. ஆனால் சம்பளம் கொட்டிலிலிருந்து வந்தது.

சதுப்பு நிலத்தைத் தூர்த்து வீடுகள் நெருங்க நெருங்கச் சாணமும் ஈயும் சிக்கலாயின. 1930களில் நகராட்சியின் சுகாதாரக் கெடுபிடி முற்றியதும் கொட்டில்கள் காலியாயின, பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன.

பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் சுவரில் கீழே மூன்றடி வரை பெயிண்ட் உரிகிறது, வெள்ளையாக உப்புப் பூக்கிறது. விலை கூடிய பெயிண்ட் அடித்தும் பயன் இல்லை.
(வாசகர், லிட்டில் இந்தியா)

குற்றம் பெயிண்டில் இல்லை, பெரும்பாலும் அடியில் உள்ள சிமெண்டுப் பூச்சில் இருக்கும். அந்தக் காலச் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையின் ஈரம் செங்கல் வழியே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளிக்காற்றில் விட்டுவிடும். ஏறியதும் உலர்ந்ததும் சமமாக இருந்ததால் சுவர் நூறு ஆண்டு நின்றது. பிற்காலத்தில் யாரோ சிமெண்டு பூசி வாயை அடைத்திருப்பார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். அது கொண்டுவந்த உப்பு பெயிண்டுக்கு அடியில் படிகமாகி, அந்த அழுத்தத்தில்தான் தோல் உரிகிறது.

முதலில் மழைநீர்க் குழாயும் பின்கட்டுக் குளியலறைக் குழாயும் கசிகிறதா என்று பாருங்கள். பாதி வீடுகளில் வேலை அங்கேயே முடிந்துவிடும். கசிவு இல்லையென்றால், ஈரக்கறை தெரியும் உயரத்துக்கு மேலும் அரை மீட்டர் வரை சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இடுக்கை விரல் நுழையும் ஆழத்துக்குச் சுரண்டி, உப்பை உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளே போகும். அதன் பிறகு சுவரைத் திறந்தபடி விடுங்கள். நம் காற்றில் இதற்கு மாதக்கணக்காகும், அவசரப்பட்டால் செலவு வீண்.

பூச்சுக்கு ஊறவைத்த சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, கழுவிய கூர்மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. கடல் மணல் கூடாது, அது உப்பை நாமே காசு கொடுத்து ஏற்றுவதாகும். சுவரை நனைத்துக்கொண்டு, முதல் பூச்சை 10 மில்லிமீட்டருக்கு மிகாமல் இடுங்கள். நகம் பதியாத அளவு இறுகிய பின்னரே அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை வாங்கித்தான் கல்லாகும், அதற்கு லேசான ஈரம் வேண்டும். ஆகவே மின்விசிறியை நேராகத் திருப்பி வைக்காதீர்கள். சீக்கிரம் காய்ந்தால் மயிரிழை வெடிப்புகள் ஓடும். கடைசியில் சுண்ணாம்பு வெள்ளை, அல்லது நீராவியை வெளியே விடும் கனிமப் பெயிண்ட். இதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

லிட்டில் இந்தியா 1989இலிருந்து பாதுகாக்கப்பட்ட வட்டாரம். வீட்டுக்காரரிடமும் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடமும் கேட்டபின் உளியை எடுங்கள்.

பாட்டியின் 3 பவுன் சங்கிலியை உருக்கியபோது 22 காரட் இல்லை, 21தான் என்கிறார்கள். அந்தக் காலத்துப் பத்தர் ஏமாற்றிவிட்டாரா?
(வாசகி, அங் மோ கியோ)

அப்படிச் சொல்லிவிட முடியாது. சங்கிலியில் எத்தனை கண்ணி இருக்கிறதோ அத்தனை பற்று, அதாவது உருக்கி ஒட்டிய இணைப்பு. பற்றவைக்கும் பொடி, சங்கிலித் தங்கத்துக்கு முன்பே உருக வேண்டும். இல்லாவிட்டால் பொடியோடு கண்ணியும் ஓடிவிடும். அதற்காகப் பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்ப்பார்கள். பத்தர் குமுட்டி அடுப்பின் முன் உட்கார்ந்து, கண்ணியின் வாயில் வெண்காரத்தைத் தடவி, அரிசி நுனி அளவு பொடியை வைத்து, ஊதுகுழலால் விளக்குச் சுடரை அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் வளைப்பார். பொடி மினுங்கி ஓடும் கணத்தில் ஊதுவதை நிறுத்த வேண்டும். ‘பொடி வைத்து ஊதுவது’ என்ற பேச்சு வழக்கு இந்தப் பட்டறையில் பிறந்ததுதான்.

இப்போது கணக்கு. 3 பவுன் என்றால் 24 கிராம். 22 காரட்டானால் அதில் சொக்கத் தங்கம் 22 கிராம். உருக்கிப் பார்த்தது 21 காரட்டானால் 21 கிராம். வித்தியாசம் ஒரு கிராம். நெருக்கமான கண்ணிகள் உள்ள பழைய சங்கிலியில், அதுவும் பலமுறை அறுந்து ஒட்டியிருந்தால், இந்த அளவு குறைவது பொடியாலேயே நேரக்கூடும். வளையலிலோ தாலிக் குண்டிலோ பற்று குறைவு, அங்கே இதே குறைவு வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி வேறு பழைய நகையை விற்கப்போகும்போது பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் அழுக்கை எடுத்துவிட்டு, உங்கள் முன்னால் எடைபோடச் சொல்லுங்கள். உரைகல்லும் எக்ஸ்-கதிர் இயந்திரமும் மேற்பரப்பைத்தான் சொல்லும். உருக்கிப் பார்த்த மதிப்பே சரியானது. உருக்கிய பிறகு மனம் மாறினால் பழைய நகை திரும்பி வராது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கறித்தூளை மில்லில் அரைத்து வாங்கினால் இரண்டு மாதத்தில் கட்டிபிடித்து வண்டு வருகிறது. அம்மா காலத்தில் ஓர் ஆண்டு வரை நின்றது.
(வாசகி, உட்லண்ட்ஸ்)

கஃப் ரோட்டுப் பக்கம் அரவை மில்லுக்குத் தூக்குவாளியோடு வரிசையில் நின்ற காலத்திலும் காற்றில் ஈரம் இதேதான். மாறியது பக்குவம். அதற்கும் முன்னால் அம்மியில் அரைத்த ஈர மசாலாதான் சந்தையில் விற்றது. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், அந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள். ஈர மசாலா அன்றன்றைக்குத் தீர்ந்துவிடும். தூள் நிற்க வேண்டுமென்றால் ஈரத்தை நாம்தான் விரட்ட வேண்டும்.

மல்லி 1 கிலோ, காய்ந்த மிளகாய் அரைக் கிலோ, சீரகமும் சோம்பும் நூறு நூறு கிராம், மிளகு 50 கிராம், விரலி மஞ்சள் 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று நல்ல வெயில் வேண்டும். மிளகாயைக் கிள்ளினால் வளையாமல் ‘படக்’கென்று உடைய வேண்டும், வளைந்தால் இன்னொரு வெயில். அடுக்குமாடியில் வெயில் இல்லையென்றால் கனத்த சட்டியில் சிறு தீயில் சூடேற்றுங்கள். நிறம் மாற விடாதீர்கள். மஞ்சளை முதலில் இடித்துக் கொடுங்கள். முழு விரலி இயந்திரத்தில் சுற்றிக்கொண்டே சூடேற்றும், அந்தச் சூட்டில் மல்லியின் எண்ணெய் வாசம் பறந்துவிடும்.

பலர் தவறுவது மில்லிலிருந்து வந்த பிறகுதான். தூள் கைசுடச் சுட வரும். அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து, மூடியிலிருந்து சொட்டி, கட்டி அங்கேதான் தொடங்கும். செய்தித்தாள் மேல் சுத்தமான துணி விரித்துப் பரப்பி, முழுக்க ஆறவிட்டு, சலித்து, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை வெளியே வைத்துக்கொண்டு மீதியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஈரக் கரண்டி கூடவே கூடாது.

கேம்பல் லேனில் வாங்கும் மாலை மறுநாளே கறுத்துவிடுகிறது. கடைக்காரர் பழைய பூ தருகிறாரா?
(வாசகர், சோவா சூ காங்)

பூ பெரும்பாலும் புதிதுதான், குளிர்பெட்டியில் நாம் வைக்கும் முறை தவறு. மல்லிகை மொட்டாக இருக்கும்போதே கட்டப்படுகிறது. ஊறிய வாழைநாரில் இருபுறமும் இரண்டிரண்டு மொட்டை எதிரெதிராக வைத்து, நாரை விரலில் ஒரு சுற்று வளைத்து இழுப்பார்கள். இழுப்பு கூடினால் காம்பு அறும், தளர்ந்தால் பூ வழுக்கிக் கீழே சேரும். தண்ணீர் தெளித்து அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால், துளி நின்ற இடமெல்லாம் பழுப்பாகும். மாலையை உதறி, பிழிந்த ஈரத்துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ரோஜா ஓரம் கறுக்கும், ஆர்க்கிட் இரண்டு மூன்று நாள் தாங்கும். சாமிக்கு அன்றன்றைக்கு மல்லிகை, விழாவுக்கு ஆர்க்கிட் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளை ஒரு காலைப்பொழுதில் நடத்திக் காட்ட வேண்டும். வழி சொல்லுங்கள்.
(தமிழாசிரியை, தெம்பனிஸ்)

திங்கட்கிழமையைத் தவிருங்கள், இந்திய மரபுடைமை நிலையம் மூடியிருக்கும். ஒன்பது மணிக்குத் தேக்கா சென்டரில் தொடங்குங்கள். பஃபலோ ரோட்டில் பூ, வாழையிலை, வெற்றிலை. கெர்பாவ் ரோடு 37ஆம் எண்ணில் டான் டெங் நியாவின் வண்ண வீடு. 1900இல் கட்டியது, எட்டு அறை. மிட்டாய் ஆலைகள் வைத்திருந்தவர் அவர். சாலையைக் கடந்து கேம்பல் லேன், மரபுடைமை நிலையம். அடுத்து டன்லப் ஸ்திரீட்டின் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். முகப்பில் சூரியக் கதிர்போல 25 கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர். கடைசியாகக் கஃப் ரோட்டு வழியாக வந்து வீரமாகாளியம்மன் கோயில். உச்சிப்பொழுதில் நடை சாத்திவிடுவார்கள், பதினொன்றரைக்குள் போய்ச் சேருங்கள்.

வழியில் கடைவீட்டின் வயதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். குள்ளமான இரண்டு மாடி, மேலே ஒன்று அல்லது இரண்டு சன்னல், அலங்காரம் குறைவு என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு வகை. மேலே மூன்று சன்னல் நெருக்கமாக, நடுவே தூண், சாந்துப் பூவேலை, வண்ண ஓடு என்றால் 1900க்கும் 1940க்கும் இடைப்பட்டது. நேர்கோடுகள், உச்சியில் ஆண்டு பொறித்திருந்தால் பெரும்பாலும் 1930களிலோ அதற்குப் பிறகோ கட்டியது. ஐந்தடி நடைபாதையை அடியால் அளக்கச் சொல்லுங்கள். ராஃபிள்ஸ் 1822இல் போட்ட விதியின் வழிவந்தது அது. தரைமட்டம் கடைக்குக் கடை ஏறி இறங்கும், கீழே பார்த்து நடக்கச் சொல்லுங்கள். மழைக்காலமானால் ஓட்டுத்தரை வழுக்கும், பிடிமானமுள்ள காலணி போட்டு வரச் சொல்லிவிடுங்கள்.